மல்லாட்டைக்கு மானியம்: பணம் யார் கைக்குப் போகிறது?

சென்னையில் அதை வேர்க்கடலை என்பார்கள். மதுரைப் பக்கம் நிலக்கடலை என்பார்கள். கடலூர் மாவட்டத்தில் அதற்குப் பெயர் மல்லாட்டை!

இந்தப் பெயர் எப்படி வந்தது? பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் மணிலா. அந்த ஊரின் பெயரை வைத்து இங்கே "மணிலாக் கொட்டை" என்றார்கள். வாய்ப் பேச்சில் அது தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. விற்பனைக் கூடங்களில் இன்றும் "மணிலா" என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் இந்தச் செடி பிறந்த இடம் தென் அமெரிக்கா.

பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்கு மல்லாட்டை சோறு போட்டது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஜில்லாவின் மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. பிரான்சு நாட்டில் உள்ள மார்சேல்சு நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆயிற்று, சோப்பும் ஆயிற்று.

அந்த மண்ணில்தான் இருக்கிறது வடக்குத்து. குறிஞ்சிப்பாடி தாலுகாவைச் சேர்ந்த ஊர். நெய்வேலி நகரியத்துக்குப் பக்கத்து ஊர். 1956-ல் நெய்வேலி நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. அதன் பிறகு இந்தப் பக்கத்தின் முகமே மாறிவிட்டது. சுரங்கம் வந்தது, மின்சார நிலையம் வந்தது, கடைத்தெரு வந்தது. ஆனாலும் சுற்றிலும் செம்மண் காடு இருக்கிறது. அதிலே முந்திரி உண்டு, பலா உண்டு, மல்லாட்டையும் உண்டு.

இந்த மல்லாட்டைக்கு அரசாங்கம் பண உதவி செய்கிறது. விதைக்கு மானியம், உரத்துக்கு மானியம், தண்ணீர்க் குழாய்க்கு மானியம் என்று பட்டியல் நீளுகிறது. நல்ல செய்திதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். சொந்த நிலம் இல்லை. இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார்கள். குத்தகை வாய்ப்பேச்சில் முடிந்தது. பத்திரம் கிடையாது.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. ஆடி பிறந்துவிட்டது. ஒரு மழையும் பெய்துவிட்டது. உழவு முடிந்தது. இனி விதை வேண்டும்.

"ஏங்க, இந்த வருஷமாவது விதைப் பணம் நம்ம பேருக்கு வருமா?" என்று அவள் கேட்கிறாள்.

"பட்டா யாரு பேருல இருக்கோ, அவங்க பேருக்குத்தான் வரும். நம்ம பேருல என்ன இருக்கு?" என்கிறான் அவன்.

இந்த இரண்டு வரியில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

முதல் செலவு விதை

நெல் விதைப்பவருக்கு விதை பெரிய பாரம் அல்ல. ஏக்கருக்கு 25 கிலோ விதை போட்டு, நன்றாக விளைந்தால் 2,500 கிலோ எடுக்கலாம். ஒன்றுக்கு நூறு!

மல்லாட்டை அப்படி அல்ல. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு வேண்டும். அதற்குச் சுமார் 70 கிலோ காயை உடைக்க வேண்டும். நன்றாக விளைந்தால் 1,000 கிலோ காய் கிடைக்கலாம். அதாவது ஒன்றுக்குப் பதினான்குதான். விளைந்ததில் ஒரு பங்கை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக் கஷ்டத்தில் அதையும் விற்றுவிட்டால், அடுத்த பட்டத்தில் கடன் வாங்கித்தான் விதைக்க வேண்டும்.

இதனால்தான் எண்ணெய் வித்துத் திட்டங்கள் எல்லாவற்றிலும் விதை மானியம் முதலிடம் பெறுகிறது. நல்ல விதையை உண்டாக்கும் வேலையும் இந்தப் பக்கத்திலேயே நடக்கிறது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த மல்லாட்டை ரகங்களுக்கு "டி.எம்.வி." என்று பெயர். டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940-ல் வெளிவந்தது. வடக்குத்துக்கு மேற்கே உள்ள விருத்தாசலத்திலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கே பிறந்த ரகங்களுக்கு "வி.ஆர்.ஐ." என்று பெயர்.

விதை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது காலத்தில் வர வேண்டும். ஆடியில் விதைக்கிறவனுக்கு ஆவணியில் விதை கொடுத்தால் பயன் இல்லை. மழைக்கு மானியக் கணக்குத் தெரியாது!

அரசாங்கம் ஏன் கொடுக்கிறது?

இது தருமம் அல்ல. இதில் நாட்டின் கணக்கு ஒன்று இருக்கிறது.

இந்தியாவின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அரசாங்கக் கணக்குப்படி 100-க்கு 57 பங்கு. வருஷத்துக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன். இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து பாமாயில் வருகிறது. அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து சோயா எண்ணெய் வருகிறது. ரஷ்யா, உக்ரைன் நாடுகளிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் வருகிறது. அங்கே போர் மூண்டால் இங்கே நம் வீட்டு வாணலி சுடுகிறது.

இந்தக் கவலை புதிதல்ல. 1986-ல் மத்திய அரசாங்கம் எண்ணெய் வித்துக்கென்று தனி இயக்கம் தொடங்கியது. விதை, விலை, கொள்முதல் மூன்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் விளைச்சல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. வெளிநாட்டு எண்ணெய் வெகுவாகக் குறைந்தது. "மஞ்சள் புரட்சி" என்று அதைக் கொண்டாடினார்கள். ஆனால் 1994-ல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. பிறகு வரியும் படிப்படியாகக் குறைந்தது. மலிவான எண்ணெய் வந்து குவிந்தது. செக்கு ஓடிய பல ஊர்களில் செக்கு நின்றது.

இப்போது மறுபடியும் ஒரு முயற்சி. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை எண்ணெய் வித்துக்குப் புதிய தேசியத் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டது. ஏழு ஆண்டுகளுக்கு 10,103 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2022-23-ல் 390 லட்சம் டன்னாக இருந்த விளைச்சலை 2030-31-க்குள் 697 லட்சம் டன்னாக உயர்த்த வேண்டும் என்பது நோக்கம்.

என்னென்ன உதவி?

விதை உதவி முதலாவது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் சான்று பெற்ற விதையை மானிய விலையில் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது ஜிப்சம். மல்லாட்டைச் செடி ஒரு விந்தைச் செடி. பூ மேலே பூக்கிறது. காய் கீழே காய்க்கிறது! பூவிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் நுழைகிறது. அதன் நுனிதான் காய் ஆகிறது. தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அந்தக் காய் மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. மண்ணில் அந்தச் சத்து இல்லாவிட்டால் காய் பொக்காகப் போகும். ஆகவே விதைத்த 40, 45-ம் நாளில், ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். இதற்கும் மானியம் உண்டு.

மூன்றாவது தண்ணீர். தெளிப்பு நீர்க் குழாய், மழைத்தூவான் ஆகியவை போட்டால் குறைந்த தண்ணீரில் நிறைந்த பயிர் எடுக்கலாம். தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம்.

நான்காவது பயிர்க் காப்பீடு. 2016-ல் தொடங்கிய திட்டத்தில் காரிப் பருவ எண்ணெய் வித்துக்கு விவசாயி கட்ட வேண்டியது, காப்பீட்டுத் தொகையில் 100-க்கு 2 ரூபாய்தான். மீதிப் பிரீமியத்தை அரசாங்கங்கள் கட்டுகின்றன.

ஐந்தாவது ரொக்கம். "பிரதம மந்திரி கிசான்" திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இது மல்லாட்டைக்கு மட்டும் உரியது அல்ல. எல்லாப் பயிருக்கும் பொது. ஆனாலும் ஓர் ஏக்கர் மல்லாட்டை விதைச் செலவுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும்.

காகிதம் யார் பேரில்?

இத்தனை உதவிக்கும் வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் காகிதம் கேட்கிறார்கள். சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிப் புத்தகம் வேண்டும். 2025-ல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் வேலையும் நடந்தது. அதற்கும் நில ஆவணமே அடிப்படை.

சிட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும் காகிதம். அடங்கல் என்பது அந்த நிலத்தில் என்ன பயிர் இருக்கிறது என்று சொல்லும் காகிதம். சொந்தமாக நிலம் வைத்து, தன் பேரில் பட்டா வைத்திருப்பவருக்குக் கஷ்டம் இல்லை. கஷ்டம் மற்றவர்களுக்குத்தான்.

பட்டா தாத்தா பேரில் இருக்கும். தாத்தா காலமாகி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். பங்காளிகள் நாலு பேர் பிரித்து உழுவார்கள். காகிதத்தில் பிரிவினை இராது. அந்த நாலு பேருக்கும் சிக்கல்.

களை எடுப்பவள் பெண். காய் ஆய்பவளும் பெண். ஆனால் பட்டா ஆண் பேரில் இருக்கும். அவளுக்குச் சிக்கல்.

எல்லாரையும்விடப் பெரிய சிக்கல் குத்தகைக்காரருக்கு. பிரதம மந்திரி கிசான் திட்டம் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மட்டுமே உரியது. குத்தகைக்கு உழுகிறவருக்கு அதில் இடம் இல்லை. நிலத்துக்காரர் பட்டணத்தில் கடை வைத்திருக்கலாம். ஏரையே தொடாமல் இருக்கலாம். பணம் அவர் கணக்குக்குப் போகலாம். மண்ணில் குனிந்து நிற்பவர் கைக்கு வராது.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டில் 1969-ல் சட்டம் வந்தது. பதிவு செய்தால் குத்தகைக்காரர் பேர் அரசாங்கக் கணக்கில் ஏறும். ஆனால் நிலத்துக்காரருக்குப் பயம். "பேர் ஏறினால் நிலம் போய்விடும்" என்று நினைக்கிறார். குத்தகைக்காரருக்கும் பயம். "பேர் ஏற்றச் சொன்னால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது" என்று நினைக்கிறார். இரண்டு பயமும் சேர்ந்து வாய்ப்பேச்சுக் குத்தகை ஆகிறது.

2020-ல் நடந்த மோசடி

"அப்படியானால் காகிதம் கேட்காமல் கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம்.

அதன் பலனையும் இந்த மாவட்டம் பார்த்துவிட்டது. 2020-ல் கொரோனா ஊரடங்குக் காலம். பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆட்களைச் சேர்க்கும் முறை எளிதாக்கப்பட்டிருந்தது. தரகர்கள் புகுந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒப்புதல் கொடுக்கும் கடவுச்சொல் தவறான கைகளுக்குப் போனது. விவசாயிகள் அல்லாதவர்கள் பேர்கள் சரசரவென்று ஏறின. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட பல மாவட்டங்களில் இது நடந்தது. தகுதி இல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டதாகவும், 110 கோடி ரூபாய் வரை மோசடி நடந்ததாகவும் தமிழக அரசு அந்த ஆண்டு சொன்னது. சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தார்கள். பலர் கைதானார்கள். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கும் வேலை நடந்தது.

காகிதத்தைத் தளர்த்தினால் கள்ளன் நுழைகிறான். காகிதத்தை இறுக்கினால் உழுகிறவன் வெளியே நிற்கிறான். இதுதான் மானியத்தின் முடிச்சு.

மற்ற இடங்களில் எப்படி?

ஆந்திராவில் 2019-ல் ஒரு சட்டம் செய்தார்கள். குத்தகைக்கு உழுகிறவருக்கு 11 மாதத்துக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையால் நிலத்தின் மேல் உரிமை வராது. பயிரின் மேல் மட்டும் உரிமை வரும். நிலத்துக்காரரின் பயத்தைப் போக்க இது நல்ல வழி. ஆனால் அவருடைய சம்மதம் வேண்டும் என்று வைத்ததால் பலருக்கு அட்டை கிடைக்காமல் போயிற்று.

அமெரிக்காவிலும் சோயா, சூரியகாந்தி, மல்லாட்டை விளைவிப்பவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. அங்கே ஒரு விதி உண்டு. ரொக்கக் குத்தகை என்றால், லாப நட்டத்தைச் சுமக்கும் குத்தகைக்காரருக்கே அந்தப் பணம். வாரக் குத்தகை என்றால் இருவருக்கும் பங்கு. நட்டம் யார் தலையில் விழுகிறதோ, உதவியும் அவர் கைக்கே போக வேண்டும் என்பது அதன் நியாயம். இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. மானியம் வருகிறது என்று தெரிந்ததும் நிலத்துக்காரர் குத்தகையை ஏற்றிவிடுகிறார் என்று பொருளாதார நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் விதி தெளிவாக இருக்கிறது.

மூட்டைக் கணக்கு

விதைக்கும்போது கிடைக்கும் உதவி ஒரு பாதி. விற்கும்போது கிடைக்கும் விலை மறு பாதி.

விவசாய விளைபொருளுக்கு விலை சொல்ல 1965-ல் மத்திய அரசாங்கம் கமிஷன் அமைத்தது. அதன் யோசனைப்படி ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். மல்லாட்டைக்கு 2024-25-ல் குவிண்டாலுக்கு 6,783 ரூபாய். 2025-26-ல் 7,263 ரூபாய்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆதரவு விலை, தோலோடு கூடிய காய்க்கு! ஆனால் விருத்தாசலம் போன்ற ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் உடைத்த பருப்பு 80 கிலோ மூட்டையாக விலை போகிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

கணக்கு இதோ! 100 கிலோ காயை உடைத்தால் நல்ல காயாக இருந்தால் 70 கிலோ பருப்பு கிடைக்கும். 7,263 ரூபாயை 70-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 104 ரூபாய். 80 கிலோ மூட்டைக்குச் சுமார் 8,300 ரூபாய். உடைக்கும் கூலி தனி. ஆகவே 2025-26 கணக்கில் மூட்டை 8,300 ரூபாய்க்குக் கீழே போனால், ஆதரவு விலைக்குக் கீழே போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் விற்கிறவர் ஏமாற மாட்டார்.

விலை கீழே போனால் அரசாங்கம் வாங்குமா? வாங்கத் திட்டம் இருக்கிறது. ஆனால் தானாக நடக்காது. மாநில அரசாங்கம் கேட்க வேண்டும். மத்திய அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். கொள்முதல் மையம் திறக்க வேண்டும். விவசாயி முன்கூட்டிப் பேர் பதிய வேண்டும். அதற்கும் நிலக் காகிதம் வேண்டும். இதற்குள் கடன்காரர் வாசலில் நின்றால் மூட்டை வியாபாரியிடம் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. எண்ணெய் விலை ஏறினால் இல்லத்தரசி கஷ்டப்படுகிறாள். வித்து விலை இறங்கினால் விவசாயி கஷ்டப்படுகிறான். 2024 செப்டம்பரில் அரசாங்கம் இறக்குமதி எண்ணெய்க்கு வரியை உயர்த்தியது. 2025 மே மாதம், கச்சா எண்ணெய் மீதான அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. முதலாவது உழுகிறவருக்கு ஆறுதல். இரண்டாவது சமைக்கிறவருக்கு ஆறுதல். இதில் வேடிக்கை என்னவென்றால், வடக்குத்துக் குடிசையில் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்!

இப்போதே செய்யக்கூடியவை

முடிச்சை அரசாங்கம்தான் அவிழ்க்க வேண்டும். உழுகிறவர் பேரைப் பயம் இல்லாமல் பதிய ஒரு வழி வேண்டும். அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு.

பட்டா தாத்தா பேரில் இருந்தால் வாரிசுச் சான்றோடு தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். இதைத் தள்ளிப் போடத் தள்ளிப் போடப் பங்காளிகள் பெருகுவார்கள், கையெழுத்தும் பெருகும்.

பயிர் விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றச் சொல்ல வேண்டும். பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம். அதற்கு உரிய சான்று வாங்கி, கடைசித் தேதிக்கு முன்பே பணம் கட்ட வேண்டும்.

5 ஏக்கருக்கு உட்பட்டவர்கள் சிறு, குறு விவசாயி சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். மானிய அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பட்டம் போய்விடும்.

தமிழக அரசு 2018-ல் தொடங்கிய "உழவன்" செயலியில் மானிய விவரம், விலை விவரம் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதன் கையில் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் ஆதார் எண்ணையும், போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் தரகரிடம் கொடுக்கவே கூடாது. 2020-ன் பாடம் அது!

மறுபடியும் அந்த வீடு

இனி அந்தக் குடும்பத்துக்கு வருவோம்.

ஆடி மழை ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். அவன் மானியத்துக்குக் காத்திருக்க முடியாது. கடனுக்கு விதை வாங்கி வந்துவிட்டான். இருவரும் மண்ணில் இறங்கிவிட்டார்கள்.

105 நாளில் காய் விளையும். ஒரு பங்கு குத்தகைக்கு. ஒரு பங்கு கடனுக்கு. ஒரு பங்கு வீட்டுக்கு. கொடி மாட்டுக்கு. விளைச்சல் நன்றாக இருந்தால் அவள் ஒரு சாக்கு மல்லாட்டையை விதைக்கென்று பரணில் ஏற்றி வைப்பாள்.

டெல்லியில் ஒதுக்கிய 10,103 கோடி ரூபாய் எதற்காக? அந்தப் பரண் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். பணம் நிலத்தின் பேரைத் தேடிப் போகிறது. அந்த நிலத்தில் குனிந்து விதைக்கிறவளின் பேரையும் அது தெரிந்துகொண்டால், மல்லாட்டைக்குக் கொடுத்த மானியம் மல்லாட்டைக்கே போய்ச் சேரும்.